பச்சையாக வந்த தண்ணீர்: ஒரு பழைய ஹெரால்டின் புதுப் பெயிண்ட்டைத் தேய்த்த கதை

பின்னணி

கார், 1960-களின் நடுவில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உரிமையாளரின் தந்தை குடியாத்தம் பக்கம் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் வாங்கியது. அவருக்குப் பிறகு காட்பாடி காந்தி நகர் வீட்டின் பின்கட்டில், தகரக் கொட்டகைக்குள், இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற மகன், தன் பெண்ணின் திருமணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அந்த வண்டியில்தான் என்று முடிவு செய்தார். எல்லாம் அங்கிருந்து தொடங்கியது.

ஹெரால்டு சென்னையில் 1961 முதல் தயாரானது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். உடலமைப்பை வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். இந்தப் பழங்கதையில் நமக்கு வேண்டியது ஒரு துளிதான். அம்பாசடர் உருண்டு திரண்ட வண்டி. அதன் உடம்பில் கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஹெரால்டு மடிப்பு மடிப்பாக இருக்கும். பானட், இரு பக்க மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே பாளமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். பின்பக்கம் இரு ஓரங்களும் மீனின் துடுப்பைப் போல மேலெழுந்து, விளக்கின் மேல் கூர்மையாக முடியும். உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பவனுக்கு அந்தத் துடுப்பின் விளிம்புதான் எமன்.

தகடு வேலையான டிங்கரிங் மட்டும் ஐந்து மாதம் நடந்தது. தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள பட்டைகள் எல்லாம் துருவேறி உதிர்ந்திருந்தன. வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். இடப்பக்கத் துடுப்பு எப்போதோ சுவரில் இடித்து நசுங்கியது. அதை முடிந்தவரை தட்டி நிமிர்த்தி, மீதியை, பள்ளம் நிரப்பும் பசையான பட்டி போட்டு நிரப்பினார்கள். பட்டியின் அளவைப் பற்றி யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

பெயிண்ட் அடித்தவர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள மேஸ்திரி. நல்ல கை. ஆனால் அவர் கை பழகியது, தொழிலில் டியூகோ என்று எல்லோரும் சொல்லும் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்டில். இந்த முறை அடித்தது அதுவல்ல. அடியில் நிறத்துக்குக் கரும்பச்சை பேஸ் கோட், மேலே, இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த நிறமற்ற கிளியர் மூன்று பூச்சு. அடித்த நாள் மே 11. அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது. தூசி புகாத பெயிண்ட் பூத் கிடையாது, பெருமுகை அருகே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. காலையில் மின்சாரம் இல்லாததால் கம்ப்ரஸரை ஓட்டியது பதினொன்றரை மணிக்கு மேல். பெயிண்ட்டை நீர்க்க வைக்கும் தின்னர் வழக்கமானது, சீக்கிரம் ஆவியாகும் வகை.

நான் பெயிண்ட் விற்பனையாளர் ஒருவரிடம் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கிறேன். பட்டறைகளுக்குச் சென்று கலவை, தேய்ப்பு, பாலிஷ் ஆகியவற்றில் சிக்கல் வந்தால் பார்த்துச் சொல்வது என் வேலை. கையில் எப்போதும் ஒரு தடிமன் மீட்டர் இருக்கும். இந்த ஆய்வில் அந்த மீட்டருக்கும் ஒரு பங்கு உண்டு.

முதல் பார்வை

மே 20 அன்று உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, வண்டி ஆரஞ்சுப் பழத்துத் தோல் மாதிரி இருக்கிறது. கல்யாணம் ஜூன் 9. என்ன செய்யலாம், வந்து பாருங்கள்” என்றார். அவர் உவமை சொல்வதாக நினைத்துச் சொன்னார். தொழிலில் அந்தக் குறைக்குப் பெயரே அதுதான்.

நேரில் பார்த்தபோது நிறம் அழகாக விழுந்திருந்தது. மேல்பரப்புதான் சரியில்லை. கூரையிலும் பானட்டிலும் புள்ளி புள்ளியாக மேடுபள்ளம். டியூப் லைட்டின் பிம்பம் நேர்கோடாக விழாமல் நடுங்கியது. நெடுஞ்சாலைத் தூசி ஐம்பது அறுபது இடங்களில் முள்ளாக நின்றது. வலக்கதவின் அடியில் கிளியர் வழிந்து, கண்ணீர்த்துளி வடிவில் உறைந்திருந்தது.

காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. நாற்பது டிகிரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வேகமான தின்னரைக் கலந்தால், பெயிண்ட் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் துளி, தகட்டைத் தொடும்போதே பாதி உலர்ந்துவிடும். பரவிச் சமனாக அதற்கு நேரம் கிடைக்காது. விழுந்த இடத்தில் விழுந்தபடி நின்றுவிடும். வெயிலுக்கென்றே மெதுவாக ஆவியாகும் தின்னர் கடையில் கிடைக்கிறது. வாங்கவில்லை.

வழிசலின் மேல் நகத்தை வைத்து லேசாக அழுத்தினேன். பிறை போல ஒரு தடம் விழுந்தது. எடுத்த பிறகும் போகவில்லை. டிக்கியைத் திறந்து மூக்கை அருகில் கொண்டுபோனால் தின்னர் வாடை. அடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பிறகு மீட்டரை வைத்தேன். கூரை 140 மைக்ரான், பானட் 150, கதவுகள் 170 முதல் 180 வரை, வலத்துடுப்பு 160, இடத்துடுப்பு 640. ஒப்பிட்டுப் பார்க்க: தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இரண்டு முடியின் பருமனுக்குள் அடிப்பூச்சான பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் அடங்கியிருந்தன. மேஸ்திரி சொன்ன கணக்குப்படி கிளியர் மட்டும் 60 முதல் 70 வரை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். இடத்துடுப்பின் எண்ணையும் ஏட்டில் குறித்தேன். பக்கத்தில் “பட்டி” என்று ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

காத்திருப்பதா, தொடங்குவதா

மேடுபள்ளத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமனாக்கி, பாலிஷ் போட வேண்டும். மேஸ்திரி அதை அன்றே தொடங்கலாம் என்றார். “வேலூர் வெயில் சார். இங்கே வற்றல் இரண்டு நாளில் காய்கிறது, பெயிண்ட் காயாதா?” கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். டப்பாவோடு வந்த தகவல் தாளிலும், 20 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு கழிந்தால் பாலிஷ் போடலாம் என்றே இருந்தது. எங்கள் ஊரில் அதைவிட இரு மடங்கு வெப்பம்.

ஆனால் வற்றல் காய்வதும் கிளியர் காய்வதும் வேறு. கிளியரில் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: தின்னர் வெளியேற வேண்டும், ஹார்ட்னர் பிசினோடு வினைபுரிந்து இறுக வேண்டும். வெயில் இரண்டாவதைத் துரிதப்படுத்துகிறது. அதுவும் மேலிருந்து கீழாக. மேல்பரப்பு முதலில் இறுகி, பாலின் மேல் ஆடை படிவதைப் போல மூடிக்கொள்கிறது. அடியில் இருக்கும் தின்னர் வழியில்லாமல் நிற்கிறது. பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையில் போதிய நேரம் விடாமல் மூன்றைக் கனமாக அடித்திருந்ததால் உள்ளே சிக்கியது அதிகம். நகத்தடம் சொன்னது அதைத்தான்.

அந்த நிலையில் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும். கிளியர் தூளாகாமல் உருண்டு ஒட்டும். அதைச் சமாளித்துப் பளபளப்பு வரவழைத்தாலும், பிறகு தின்னர் வெளியேற வெளியேறப் படலம் சுருங்கும். சுருங்கும்போது அடியில் இருக்கும் பட்டியின் மேடுபள்ளத்தையும் பிரைமரில் விட்ட கீறல்களையும் மேலே காட்டிக்கொடுக்கும். பெயிண்ட் உட்கார்ந்துவிட்டது என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

என் விருப்பம் ஆறு வாரம் பொறுப்பது. திருமணத்துக்கு இருந்ததோ மூன்று வாரம். உரிமையாளர், மேஸ்திரி, நான் மூவரும் பேசி, மே 28 வரை வண்டியை வெளியே வேப்பமர நிழலில் காற்றாட நிறுத்துவது, நகத்தடம் விழாமல் போனால் தொடங்குவது என்று முடிவெடுத்தோம். பாதி வழியில் நின்ற முடிவு அது. அன்று அதைச் சமரசம் என்று சொல்லிக்கொண்டேன்.

28-ஆம் தேதி வழிசலில் நகம் பதியவில்லை. டிக்கியின் வாடையும் பெருமளவு போயிருந்தது.

தேய்ப்பு: முதல் இரண்டு நாட்கள்

முறையை நான் வகுத்தேன். விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்துவது. தகடு சூடேறினால் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காத இடத்தில் தாள் கீறும். முதலில் 1500-ஆம் எண் வாட்டர் பேப்பர், பிறகு 2000, கடைசியில் 3000; எண் கூடக் கூடத் தாள் நுண்ணியது. தாள்களை முந்தைய இரவே வாளியில் ஊறப் போட்டோம். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. முதலில் எடுத்தது கொட்டகையின் போர்வெல் தண்ணீர். உலர்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்ததால் மாநகராட்சிக் குழாய் நீருக்கு மாறினோம்.

மேஸ்திரிக்கு 1000-ஆம் எண் தாளை நான்காக மடித்து விரலில் பிடித்துத் தேய்ப்பதுதான் பழக்கம். விரலால் அழுத்தினால் விரல் இருக்கும் இடத்தில் ஆழமாகவும், இடுக்கில் மேலோட்டமாகவும் தேய்கிறது. பாலிஷ் போட்ட பிறகு சாய்வாகப் பார்த்தால் உழுத நிலம் போலத் தெரியும். சமதளமான இடங்களில் கெட்டியான ரப்பர் கட்டை, வளைவுகளில் மெத்தென்ற கட்டை என்று வற்புறுத்தினேன். “கட்டை வைத்தால் கைக்குத் தகடு தெரியாது சார்” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

விளிம்புகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னேன். பானட் ஓரம், கதவு ஓரம், கூரையின் மழைவாரி எல்லாம் ஒட்டியாயிற்று. துடுப்புகளின் முதுகில் ஒட்டவில்லை. துடுப்பின் மேல் ஆரஞ்சுத் தோல் கண்ணுக்கு நேராகத் தெரிந்ததால், அங்கேயும் சமனாக்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினார்.

கூரையும் பானட்டும் இரண்டு நாளில் முடிந்தன. கட்டையை ஓட்டித் தண்ணீரை ரப்பர் பட்டையால் வழித்துப் பார்த்தால் மேடுகள் மங்கலாகவும் பள்ளங்கள் பளபளக்கும் புள்ளிகளாகவும் தெரியும். புள்ளிகள் மிளகு அளவிலிருந்து கடுகு அளவுக்குச் சுருங்கி, ஒவ்வொன்றாக மறையும். எல்லாப் புள்ளியையும் ஒழிக்க வேண்டும் என்று நினைப்பவன்தான் கிளியரைத் தொலைப்பவன். நூற்றுக்கு ஐந்து மிஞ்சட்டும் என்று நிறுத்தினேன். தேய்த்த பின் கூரை 128 காட்டியது. அதாவது 12 மைக்ரான் போயிருந்தது. நியாயமான கணக்கு. கிளியரில் பாதிக்கு மேல் எஞ்சியாக வேண்டும் என்பது என் விதி; வெயிலைத் தடுக்கும் பொருள் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு நாளும் வழித்தெடுத்த தண்ணீர் நீர்த்த பால் போல வெள்ளையாகவே இருந்தது. தேய்வது கிளியர் மட்டும்தான் என்று அதற்குப் பொருள்.

மூன்றாம் நாள் காலை

இடத்துடுப்பில் தேய்த்தவன் மேஸ்திரியின் உதவியாளன், இருபது வயது இளைஞன். தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டு. டியூகோ பெயிண்ட்டை அவன் பார்த்ததே இல்லை. கிளியர் அடித்த வண்டிகள்தான் அவனுக்குத் தெரியும்.

ஆறே முக்கால் மணி இருக்கும். கட்டையை நிறுத்திவிட்டு, வாளிக்கு மேல் தாளைப் பிழிந்தான். பிழிந்த நீரைக் குனிந்து பார்த்தான்.

“அண்ணே, தண்ணீர் பச்சையாக வருகிறது.”

மேஸ்திரி கதவுப் பக்கத்திலிருந்து தலையைத் திருப்பாமலே, “பச்சை வண்டியில் பச்சை வராமல் சிவப்பா வரும்?” என்றார்.

அவர் வாழ்நாள் முழுவதும் தேய்த்த பெயிண்ட்டில் அப்படித்தான். டியூகோவில் மேலே தனியாக ஒரு படலம் இல்லை, நிறமே மேல்பரப்பு. தேய்த்தால் நிறம் வரும்; வராவிட்டால்தான் ஆச்சரியம். முப்பது ஆண்டு சரியாக இருந்த ஒரு பதிலை அவர் சொன்னார்.

இளைஞன் என்னைப் பார்த்தான். நான் துடுப்பைத் துடைத்துவிட்டு மீட்டரை வைத்தேன். 631. முன்பு 640. ஒன்பதுதான் போயிருக்கிறது, அறுநூற்றுக்கு மேல் இருக்கிறது. “இன்னும் நிறைய இருக்கிறது, தேய்” என்றேன்.

கட்டை நாலைந்து முறை போய் வந்திருக்கும். அவனாகவே நிறுத்தினான். தண்ணீரை வழித்தபோது துடுப்பின் முதுகில், விளக்குக்கு ஒரு சாண் முன்னால், கரும்பச்சைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. நூல் பருமன், ஏழு சென்டிமீட்டர் நீளம். பிரைமர். கோட்டின் இரு பக்கமும் பச்சை, மங்கலாக, ஈரம் காய்ந்த சுண்ணாம்பு போல வெளிறியிருந்தது. அங்கே கிளியர் போய் பேஸ் கோட் வெளியே வந்திருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. இளைஞன் கட்டையைத் தரையில் வைத்துவிட்டுத் தாளைக் கையிலேயே வைத்திருந்தான்.

என்ன நடந்தது என்பதை அன்றே எழுதி வைத்தேன். அந்த மீட்டர் இரும்புத் தகட்டிலிருந்து மேல்பரப்பு வரை உள்ள மொத்தத் தூரத்தை மட்டுமே அளக்கும். அந்தத் தூரத்துக்குள் எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 640-இல் ஏறத்தாழ 480 பட்டி. அதைக் கழித்தால் மற்ற இடங்களில் உள்ள அதே 160. பெரிய எண்ணைப் பார்த்துத் தைரியம் கொண்டது, கடன்காரன் வீட்டுப் பெட்டி கனமாக இருக்கிறது என்று நம்பியதைப் போன்றது.

மேலும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொண்டன. கூரிய விளிம்பில் ஈரப் பெயிண்ட் நிற்காது. இரு பக்கமும் இழுபட்டு விளிம்பில் மெலியும். சமதளத்தில் 60 இருக்கும் கிளியர் விளிம்பில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும், பட்டி போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு புடைத்திருந்தது. கெட்டிக் கட்டை, மேட்டைத் தேடித் தேய்க்கும் கருவி. அது தன் வேலையைச் செய்தது. விரலால் தேய்த்திருந்தால் மேஸ்திரியின் கைக்கு அந்தப் புடைப்பு தெரிந்திருக்கும். கட்டை வைத்தால் கைக்குத் தகடு தெரியாது என்று அவர் சொன்னதை நான் பழமைவாதம் என்று ஒதுக்கியிருந்தேன்.

திருமணத்துக்கு முன் எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. கோட்டை மட்டும் நுண்தூரிகையால் தொட்டு மூடுவது. அந்த ஒரு சாண் பகுதியில் மட்டும் நிறமும் கிளியரும் அடித்து ஓரத்தைக் கரைத்துவிடுவது. கதவு இடுக்கிலிருந்து பின்விளக்கு வரை அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிப்பது.

இரண்டாவது வழியை நான் ஏற்கவில்லை. கிளியரின் ஓரம் ஒரு பாகத்தின் நடுவில் முடியும்போது, அந்த ஓரம் முடியைவிட மெலிதாகிப் போகிறது. சில மாதங்களில் வெயிலில் கோடு தெரியும், பிறகு உரியத் தொடங்கும். மூன்றாவதுதான் சரியான வழி. ஆனால் ஜூன் 9-க்குள் அதை அடித்து, உலர்த்தி, மீண்டும் தேய்ப்பது முதல் தவறை இன்னொரு முறை அவசரமாகச் செய்வதாகும்.

உரிமையாளரிடம் மூன்றையும் சொன்னேன். என் தவறு என்பதையும் சொன்னேன். சற்று நேரம் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்பிள்ளையைப் பார்ப்பார்களா, துடுப்பைப் பார்ப்பார்களா? இப்போது மூடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். தூரிகையால் பச்சையைத் தொட்டு, அதன் மேல் கிளியரைத் தொட்டு மூடினோம். ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

வலத்துடுப்பில் 1500-ஐ நிறுத்தி, விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி, 2000-இல் தொடங்கினோம். மற்ற இடங்களில் ஜூன் 1 முதல் 3 வரை கம்பளிப் பேடும், ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையும் வைத்து பஃப் மெஷின் ஓட்டினோம். மெஷின் விளிம்பை நோக்கி ஏறாமல், விளிம்பிலிருந்து வெளியே இறங்கும்படி பிடிக்க வேண்டும் என்பதை இளைஞனுக்குக் காட்டினேன். அதை அவன் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தான்.

ஜூன் 3 மாலை வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளினார்கள். பானட்டில் வேப்பிலைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. மேஸ்திரி இரண்டு முறை சுற்றி வந்தார்.

திருமணத்தின்போது நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வண்டியை அலங்கரிக்க வந்தவர்களிடம் நூலில் மட்டும் கட்டுங்கள், பெயிண்ட்டின் மேல் ஒட்டாதீர்கள் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். கட்டியவர் ஒருவர், இரவில் மாலை சரிந்தபோது செலோ டேப்பால் ஒட்டியவர் வேறொருவர். டேப்பை மறுநாள் மாலைதான் உரித்தார்கள். இன்னும் முழுதாக இறுகாத கிளியரில் நான்கு இடங்களில் டேப்பின் ஓரம் பதிந்துவிட்டது. ஈர ரோஜா மாலை இரவெல்லாம் கிடந்த இடத்தில் வட்டமாக ஒரு மங்கல்.

ஆடியில் வண்டி திரும்பி வந்தது

ஜூலை மூன்றாம் வாரத்தில் உரிமையாளர் வண்டியைக் கொண்டுவந்தார். ஆறு வாரத்தில் மூன்று மாற்றங்கள்.

முதலாவது, பானட்டில் வெயில் சாய்வாக விழுந்தபோது சுழல் சுழலாக வரிகள். கம்பளிப் பேட் விட்ட தடங்கள் இவை. ஜூன் 3 அன்றும் அவை இருந்தன; காம்பவுண்டில் உள்ள எண்ணெய் அவற்றை நிரப்பி மறைத்திருந்தது. நான்கைந்து முறை கழுவியதும் எண்ணெய் போய் வரிகள் வெளியே வந்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து அன்றே ஒரு முறை துடைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாலை வெளிச்சத்தில் வேப்பிலையை எண்ணி மகிழ்ந்த நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது, பட்டி போட்ட இடங்களில் பெயிண்ட் உட்கார்ந்திருந்தது. இடத்துடுப்பின் பக்கவாட்டிலும் வலக்கதவின் அடியிலும் பட்டியைத் தேய்த்த முரட்டு உப்புத்தாளின் கோடுகள் ஒரே திசையில், சீப்பு வாரியது போலத் தெரிந்தன. பட்டி இல்லாத கூரையில் இது இல்லை. பட்டியைக் கரடுமுரடான தாளோடு நிறுத்திவிட்டு, பிரைமர் மூடிவிடும் என்று விட்டிருக்கிறார்கள். பிரைமரும் மூடியது, கிளியரும் மூடியது. இரண்டும் சுருங்கியபின் கோடுகள் மேலே வந்தன.

மூன்றாவது, துடுப்பில் தொட்டு மூடிய கோடு வெளிறியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

டேப் தடங்களில் மூன்று வெயிலில் தாமாகவே தணிந்திருந்தன. ஒன்று மிஞ்சியிருந்தது. மாலையின் வட்டமும் இருந்தது.

மறுவேலை

அவசரம் ஏதும் இல்லாததால் செப்டம்பர் வரை நிறுத்தினோம். பெயிண்ட் அடித்து நான்கு மாதம் ஆகிறது. உட்காருவது உட்கார்ந்து முடியட்டும் என்பது எண்ணம்.

கூரை, பானட், டிக்கி ஆகியவற்றில் வாட்டர் பேப்பரைத் தொடவில்லை. சுழன்றுகொண்டே அசையும் மெஷினில் ஃபோம் பேட் போட்டு, நுண்ணிய பாலிஷால் மட்டும் ஓட்டினோம். ஒவ்வொரு பாகத்தையும் ஆல்கஹால் கலவையால் துடைத்து, கையில் பிடித்த விளக்கைச் சாய்த்துப் பார்த்த பிறகே அடுத்த பாகத்துக்குப் போனோம். பஃப் வரிகள் போயின. மாலையின் வட்டமும் போயிற்று. டேப் தடம் ஒன்று, தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்படி, இன்னும் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கும் அளவுக்கு அங்கே கிளியரைச் செலவழிக்க மனமில்லை.

இடப் பின்பக்கமும் வலக்கதவும் மீண்டும் பெயிண்ட் கண்டன. இடத்துடுப்பில் பட்டி வரை இறங்கி, அதை 320-ஆம் எண் தாள் வரை தேய்த்தார் மேஸ்திரி. இந்த முறை கட்டையும் வைத்தார், கட்டையை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தடவியும் பார்த்தார். புடைப்பை முதலில் கண்டுபிடித்தது உள்ளங்கைதான். ஹார்ட்னர் கலந்த பிரைமர் அடித்து, அதன் மேல் லேசாகக் கருப்பைத் தூவி, கருப்பு முழுதும் மறையும்வரை 600-இல் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். கருப்பு மிஞ்சும் இடம் பள்ளம், சீக்கிரம் மறையும் இடம் மேடு. ஒரு வாரம் உலரவிட்டு, விடியற்காலை ஆறு மணிக்கு, தரையில் தண்ணீர் தெளித்து, மெதுவாக ஆவியாகும் தின்னரோடு, நிறமும் கிளியர் இரண்டு பூச்சும் அடித்தார். பூச்சுகளுக்கு இடையில் கடிகாரம் பார்த்து நின்றார். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுப்பது என்பதால் காற்றுக் குழாய் இணைத்த முகமூடி இல்லாமல் அடிக்கக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வாயில் துண்டு கட்டிக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை.

இந்த முறை ஒரு சோதனைத் தகடும் உண்டு. பழைய ஹெரால்டின் துருப்பிடித்த தரைத்தகட்டில் வெட்டிய ஒரு முழத் துண்டைத் துடுப்பைப் போலவே ஒரு விளிம்பு மடித்து, பக்கத்தில் தொங்கவிட்டு, வண்டியோடு சேர்த்தே பிரைமர், நிறம், கிளியர் அடித்தோம். மூன்று வாரம் கழித்து அந்தத் தகட்டை இளைஞனிடம் கொடுத்து, பச்சைத் தண்ணீர் வரும்வரை 1500-இல் தேய்க்கச் சொன்னேன். இழுப்புகளை அவனே எண்ணினான். சமதளத்தில் எழுபது இழுப்புக்கு மேல் போயும் பால் வெள்ளையாகவே இருந்தது. மடித்த விளிம்பில் பதினொன்றாவது இழுப்பில் பச்சை கலந்தது. ஒரே தகடு, ஒரே பெயிண்ட், ஒரே கை. மேஸ்திரி அந்தத் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

புதிதாக அடித்த துடுப்பைத் தேய்த்தவனும் அதே இளைஞன்தான். தாளைப் பிழிவதற்கு இந்த முறை வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று வைத்துக்கொண்டான். விளிம்பில் டேப்.

மாற்றிக்கொண்டவை

பட்டறையில் மூன்று பழக்கங்கள் மாறின. பட்டி போட்ட இடங்களைக் காகிதத்தில் வரைந்து, வண்டியோடு வைத்திருக்கிறார்கள். மீட்டரை வைப்பதற்கு முன் நான் அந்தப் படத்தைக் கேட்கிறேன். தண்ணீரின் நிறம் மாறியதாகச் சொன்னது யாராக இருந்தாலும் கை நிற்கிறது, பேச்சு பிறகு. மூன்றாவது, வெயில் காலத்துத் தின்னர் ஏப்ரலிலேயே வாங்கி வைக்கப்படுகிறது.

நாள் குறித்துக்கொண்டு வருபவர்களிடம் நான் இப்போது திருமணத் தேதியைத்தான் முதலில் கேட்கிறேன். ஆறு வாரம் இல்லையென்றால், ஆரஞ்சுத் தோலோடு திருமணத்துக்குப் போங்கள், பிறகு தேய்க்கலாம் என்று சொல்கிறேன். அப்படிச் சொல்லி இரண்டு வாடிக்கையாளர்களை இழந்தேன். ஒருவர் வேறு பட்டறையில் ஒரே வாரத்தில் முடித்துக்கொண்டதாகக் கேள்வி; வண்டியைப் பார்க்கவில்லை.

புதுப் பெயிண்ட்டின் மேல் மெழுகோ கோட்டிங்கோ பூசுவதைப் பற்றி உரிமையாளர் கேட்டார். உள்ளே தின்னர் இருக்கும்வரை மேலே மூடக்கூடாது என்று சொல்லி, டிசம்பர் வரை தள்ளிப் போட்டோம். இப்போது மெழுகு மட்டும் பூசுகிறார், மாதம் ஒரு முறை, தானே.

வலத்துடுப்பின் முதுகில் டேப் ஒட்டி விட்ட அந்த ஒரு விரல் அகலத்தில் ஆரஞ்சுத் தோல் அப்படியே இருக்கிறது. செப்டம்பரில் அதையும் எடுத்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். உரிமையாளர் அதன் மேல் விரலை வைத்து ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார்.